அப்பாவுக்கு மறுக்கப்பட்ட செபம்

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வுபெறும்வரை உழைத்த எங்கள் அப்பா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இளவயதிலேயே பெற்றோரை இழந்தவர்; தம்பியைத் தாமே வளர்த்தார். தோட்டத்துச் சிற்றாலயத்தின் உபதேசியாராகவும் இருந்தார். கத்தோலிக்க வீடுகளில் யார் இறந்தாலும் மரித்தோருக்கான செபத்தை அப்பாவே முன்னின்று சொல்வார்.

அந்தத் தம்பி, என் சித்தப்பா, பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு, டவுனில் உள்ள ஒரு சுவிசேஷ சபையில் சேர்ந்தார். அதன்பின் அவர் வரும்போதெல்லாம் தர்க்கம்தான்.

"செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணச் சொல்லி வேதத்துல எங்கண்ணே இருக்கு? வேதத்துல இல்லாதது நமக்கெதுக்கு?"

"மக்கபேயர் ஆகமத்துல இருக்கு."

"அது எங்க வேதத்துல இல்லையே."

"நீங்களே அந்த ஆகமத்தக் கழட்டி வச்சிட்டு இல்லைன்னா எப்புடிடா? எந்தெந்த ஆகமம் வேதம்னு வேதத்துல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? திருச்சபைதானே கூடிப் பிரிச்சுச் சொல்லிச்சு."

"தேவ வார்த்தை எதுன்னு படிச்சாலே மனசுக்குத் தெரியும்ணே."

"மக்கபேயரப் படிச்சியா?"

"இல்ல."

"படிக்காமலே தெரிஞ்சிருச்சாக்கும்."

பக்கவாதத்தில் பேச்சு நின்றபின், அப்பா கையில் எது பட்டாலும் இறுகப் பற்றினார்: கட்டில் கம்பி, தாதியின் சட்டை, என் சேலைத் தலைப்பு. நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது சித்தப்பா தம் பாஸ்டருடன் வந்து, "இயேசுவ ஏத்துக்கிட்டா கையப் புடிங்கண்ணே" என்று கையை நீட்டியிருக்கிறார். அப்பா பற்றினார். அதையே மனமாற்றம் என்று அறிவித்தார்கள்.

அடக்கத்தன்று மண்சரிவால் பாதை அடைபட்டது. பங்குத் தந்தை வரத் தாமதமானது. அப்பா தங்களவர் என்று அடக்கத்தை நடத்த வந்திருந்த சித்தப்பாவின் சபையார் காத்திருக்கவில்லை. நான் மரித்தோர் செபத்தைத் தொடங்கியதும் சித்தப்பா குறுக்கே வந்தார்.

"அண்ணன் ரட்சிக்கப்பட்டுட்டாரு. அந்தச் செபம் வேணாம் பாப்பா."

"கட்டில் கம்பியையுந்தான் புடிச்சாரு. அதையும் ஏத்துக்கிட்டாரா சித்தப்பா?"

சபையார் உரக்கப் பாடிக்கொண்டே மண்ணைத் தள்ளினார்கள். ஊருக்கெல்லாம் அந்தச் செபத்தைச் சொன்னவர் அது இல்லாமலே குழிக்குள் இறங்கினார்.

இந்த நினைவு மலரைப் பெறும் அனைவரும் அறிய எழுதுகிறேன்: அப்பா கத்தோலிக்கராகவே இறந்தார். வேறுவிதமாகச் சொல்பவர் பொய் சொல்கிறார்.

சபையார் கலைந்தபின் செபத்தை மீண்டும் தொடங்கினேன். அப்போது மழையில் என்னோடு நின்று, வார்த்தைகள் தெரியாமலே ஆமென் சொன்ன எங்கள் லயத்து வரிசை வீடுகளின் இந்துச் சகோதரர்களுக்கும், சரிந்த மண்ணைத் தாண்டி நடந்தே வந்து கல்லறையை மந்திரித்து ஆசீர்வதித்த பங்குத் தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பாவுக்கு நன்றி கூற மாட்டேன். அவர் எனக்கு முன் இறந்தால், அவருடைய குழிக்கரையிலும் அதே செபத்தைச் சொல்வேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

— மகள்