தோளில் வைத்து எடுத்த படம்

படம் ஆடியிருக்கிறது, பூட்டு தெரியவில்லை என்று விசாரணையில் சொன்ன அதிகாரியே, நீங்கள் சொன்னது பொய்.

என் தங்கச்சி வெந்து செத்த பட்டாசு அறையைப் படமெடுக்க, மறுநாள் போலீஸ் ஒரு போட்டோகிராபரைக் கூட்டிவந்தது. வழுக்கைத் தலை, கழுத்தில் ஈரத் துண்டு. பட்டனை அழுத்துமுன் மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவார். திறந்திருக்க வேண்டிய பின்கதவில் உட்பக்கம் பூட்டு தொங்கியது. தரையெங்கும் எரியாத வெடிமருந்து சிதறிக் கிடந்ததால் பிளாஷ் போடக் கூடாது என்றார்.

“இருட்டு. ஷட்டர் மெதுவாத்தேன் விளும். தோளக் குடுங்க அண்ணாச்சி,” என்று கேமராவை என் தோளில் வைத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

“அளுகைய நிறுத்துங்க. நீங்க ஆடுனா பூட்டும் ஆடிரும்.”

“எம்புட்டு நேரம்?”

“ஒரு மூச்சு. பெறகு எம்புட்டு வேணாலும் அளுங்க.”

அடக்கினேன். கேமராவின் பின்திரையில் காட்டினார். கரி கரியாகவே இருந்தது. பூட்டின் சாவித்துளைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

“இத யாரும் பாக்க மாட்டாக அண்ணாச்சி,” என்றார். அது தெரிந்தவர் ஏன் அவ்வளவு கவனமாக எடுத்தார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

அதிகாரியே, அந்தப் படத்தை ஊர் முன்னால் வையுங்கள். நான் ஆடினேனா? எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.