வெறுங்கல்லில் பாத்திரம் கழுவுதல்

குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் ஸ்பாசே படியேறுவார். ஒரு கையில் கல் வெட்டும் இயந்திரம், மறு கையில் பசை வாளி. குண்டானுக்குத் தலையை விட்டால் இடமில்லை. எங்கள் பிரிலெப் ஊரில் சமையல் மேடைக்குக் கல் போடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அளவு நாடாவை எடுக்கும் முன் குண்டானை இறக்கி வைப்பவர் இவர் ஒருவர்தான். "இது உள்ள போகாத சிங்க், மூஞ்சி கழுவத்தான் லாயக்கு" என்பார்.

கல்லை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். ஓசை பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமல் திருப்பி எடுத்துப்போய்விடுவார். வேலை முடியும்வரை ராக்கியா என்ற பழச்சாராயத்தைத் தொடமாட்டார். ஆனால் பாட்டில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் கீழ்வீட்டு ரோட்னாவும் தஃபினாவும் அக்கா தங்கை. புகையிலைக் கிடங்கில் ஒன்றாக வேலை பார்த்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். மேடைக்கு வெள்ளைப் பளிங்கு என்பதில் சண்டையில்லை. எந்த சிங்க் என்பதில் கோடை முழுக்கச் சண்டை. அக்காவுக்கு ஒரே பெரிய தொட்டி; தங்கைக்கு நடுவில் தடுப்பு வைத்த இரட்டைத் தொட்டி. கடைக்காரர் இரண்டையும் எடுத்து வைத்துக் காத்திருந்தார். அதற்குள் செப்டம்பர் வந்துவிட்டது. குளிர்காலத்துக்குப் போட்டு வைக்கும் அய்வார் என்ற மிளகாய்த் தொக்குக்கு வாங்கிய ஐந்து மூட்டை சிவப்பு மிளகாய் பால்கனியில் குழையத் தொடங்கியிருந்தது. கல்லோ ஒன்றே ஒன்று, சுவருக்குச் சுவர் ஒரே துண்டு. தூக்கி வைக்க என்னையும் கூப்பிட்டார்கள்.

"மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க, எது நல்லது?" என்றார் ரோட்னா.

"நான் சொல்லமாட்டேன்க்கா. தப்பா வெட்டிட்டா இந்தக் கல்லு கல்லறைக்குத்தான் ஆகும். ஒங்க ரெண்டு பேர் பேரையும் அழகா செதுக்கித் தரேன்."

"அங்கயும் இவ பக்கத்துலயா!" என்றார் தஃபினா.

ஸ்பாசே மேடையில் ஏற்றி வைத்த, இன்னும் துளை போடாத கல்லின் நடுவில் குண்டானை வைத்தார். "கழுவுங்க."

"தண்ணி?"

"இருக்கிற மாதிரி நெனச்சுக்குங்க."

ரோட்னா வெட்கத்தோடு சட்டைக் கையை மடித்தார். பிறகு வேகம் வந்தது. அவர் தேய்க்க, தஃபினா வாங்கி அலச, இல்லாத தட்டுகளும் தம்ளர்களும் கைமாறின. ஸ்பாசே பென்சிலோடு நின்று முழங்கைகளை மட்டும் பார்த்தார். தஃபினா திடீரென்று அக்காவின் முகத்தில் விரல்களைச் சுண்டினார். ரோட்னா கண்ணை இறுக மூடி, முகத்தை நிஜமாகவே துடைத்துக்கொண்டார். சிரிப்பு தாங்காமல் ஸ்பாசே பின்வாங்கி, பால்கனிக் கதவோரம் இருந்த மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்க, அது மிளகாய்!" என்று அக்காவும் தங்கையும் ஒன்றாகக் கத்தினார்கள்.

எழுந்து வந்து கல்லில் ஒரு கோடு போட்டார். "தஃபினாக்கா, நீங்க கேட்ட தடுப்பு இங்கதான் வரும். இதுக்குள்ள பதினோரு தடவ முழங்கையால இடிச்சிட்டீங்க."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அக்கா.

"ரோட்னாக்கா, சிரிக்காதீங்க. தம்ளரையெல்லாம் ஒங்க தங்கச்சி ஒங்ககிட்டேருந்து பிடுங்கி இந்த ஓரத்துல வெச்சாங்க. எண்ணெய்ப் பாத்திரம் கிட்ட ஒண்ணைக்கூட விடல. அங்க கல்லுலயே சாய்வா வரி வெட்டித் தரேன், தண்ணி தானா தொட்டிக்கு வடியும். அது அவங்க இடம். நீங்க கை வைக்கக் கூடாது."

தஃபினா அந்த ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "பன்னெண்டு தம்ளர் நிக்கணும்."

"நிக்கும்."

அன்று மாலைக்குள் வெட்டி, பெரிய தொட்டியைக் கல்லுக்கு அடியில் ஒட்டி முட்டுக் கொடுத்தார். பசை காயும்வரை வீட்டில் யாரும் சமையலறைக்குள் சத்தமாகப் பேசக்கூட இல்லை. மறுநாள் காலை குண்டானைத் தொட்டியில் இறக்கினார்கள். சுற்றிலும் இரண்டு விரல் மிச்சம். குண்டானை வெளியே எடுத்துவிட்டு, தொட்டியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ரோட்னா அடைப்பானைப் பிடுங்கினார்.

ஸ்பாசே மேடைக்குக் கீழே படுத்து, வடிகுழாயின் வளைவுக்கு அடியில் உள்ளங்கையை ஏந்தியிருந்தார். தண்ணீர் இறங்கும் ஓசை முழுதாக அடங்கிய பிறகுதான் வெளியே வந்தார். உலர்ந்த கையை அக்காவிடம் விரித்துக் காட்டினார். தங்கையிடம் காட்டினார். பிறகு அதே கையை ராக்கியா பாட்டிலை நோக்கி நீட்டினார்.