முடிவை யாரிடம் சொல்வது

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நான் எழுதிப் பழக்கமில்லாதவன். செய்யூரில் இரண்டு லாரி வைத்துச் சவுக்குக் கட்டை ஏற்றிப் பிழைக்கிறவன். அக்காவோடு வேலை பார்த்தவர்கள் ஆங்கிலத்தில் அழகாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அது பின்பக்கங்களில் இருக்கிறது. அவர்களுக்குப் பாதி மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை நான்தான் முழுதாக எழுத வேண்டும்.

சென்ற ஆண்டு காரியத்துக்கு வந்தவர்களில் பலர் என்னிடம் கேட்டது, "உங்க அக்கா எந்த ஆஸ்பத்திரில டாக்டரா இருந்தாங்க?" என்பதுதான். எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை என்றதும் விழித்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எங்கள் அப்பாவுக்கே அது கடைசிவரை பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "மத்த டாக்டருங்க ஆளுக்கு வைத்தியம் பாக்கறாங்க, எம்பொண்ணு நாட்டுக்கு வைத்தியம் பாக்குது" என்பார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதைவிடச் சரியாக யாரும் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை.

செய்யூருக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பத்தில் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு ஆறு வயது இளையவன். அக்கா பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். அது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. வயிற்றுப் புண் என்று சொல்லியே கடைசிவரை கஞ்சி கொடுத்தார்கள். அன்பில்லாமல் அப்படிச் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் வழக்கமே அதுதான். நோய் யாருக்கு வந்தாலும், சேதி வீட்டு ஆம்பளை காதுக்குத்தான் போகும். அவர் அதை விழுங்கிக்கொண்டு வெளியே சிரித்தபடி நடமாட வேண்டும். அதற்குப் பெயர் பொறுப்பு.

அக்கா செங்கல்பட்டில் மருத்துவம் படித்தார். பிறகு மாமல்லபுரம் சாலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தார். புற்றுநோயோடு வந்த பெண்களில் பெரும்பாலோர் முற்றிய பிறகே வந்தார்கள். "வாசல்ல ஒக்காந்துகினு வெள்ளத்த மொண்டு ஊத்தற மாதிரி கீதுடா. ஏரி எங்க ஒடஞ்சுதுன்னு போய்ப் பாக்கணும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதன் பிறகுதான் பொது சுகாதாரம் படிக்க வெளிநாடு போனார். நாடுகளின் சுகாதாரத் துறைகளுக்குப் புற்றுநோயைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் உதவி செய்யும் ஒரு குழுவில் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் தேடி அலைந்த உறவினர்களுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்: அவருக்கு வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஒரு நாட்டில் எந்தப் புற்றுநோய் எத்தனை பேருக்கு வருகிறது என்று பதிந்து வைக்கவே ஆள் இருக்காது. இன்னொரு நாட்டில் கதிர்வீச்சுக் கருவி இருக்கும், அதை ஓட்டத் தெரிந்தவர் இருக்கமாட்டார். சில தீவு நாடுகளில் பள்ளிச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போடப் படகில்தான் போக வேண்டும். அங்கெல்லாம் போய் அதிகாரிகளோடு உட்கார்ந்து, முதலில் எதைச் செய்வது, இருக்கிற ஆட்களை வைத்து எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டுக் கொடுப்பதும், அது நடக்கிறதா என்று இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்ப்பதும்தான் அக்காவின் வேலை. புகையிலைக்கு வரியை ஏற்றச் சொல்லி ஒரு நாட்டு மந்திரியைச் சம்மதிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், அப்பா வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "மந்திரி ஒத்துக்கினாரு, நீ எப்ப நைனா ஒத்துப்ப?" என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

அக்கா ஒரு கார்த்திகை மாதம் விடுப்பில் வந்திருந்தபோது, சுகாதார நிலையத்தாரோடு சேர்ந்து எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாம் நடத்தினார். முதலில் யாரும் வரவில்லை. என் மனைவி செல்விதான் முதல் ஆளாகப் போய்ப் படுத்தாள். "நாத்தனாரே நடத்தறாங்க, நானே போவலன்னா நல்லாவா கீது?" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். முகாம் முடிந்ததும் அக்கா வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.

மார்கழியில் சுகாதார நிலையத்து நர்ஸம்மா போன் செய்தார். என் போனுக்கு. "செல்விக்கு ஒரு மாற்றம் தெரியுது. பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா செங்கல்பட்டுக்கு வந்து இன்னொரு டெஸ்ட் எடுத்தாவணும். உடனே கூட்டிகினு வாங்க" என்றார். கூட்டி வருகிறேன் என்றேன்.

தையில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்து முடித்திருந்தோம். பெண்ணைப் பெற்றவளுக்குப் புற்று என்று சேதி போனால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். வம்சத்தில் ஓடும் என்பார்கள். கல்யாணம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அக்கா கல்யாணத்துக்கு இரண்டு நாள் வந்தார். பந்தி நடக்கும்போது என்னைத் தனியே அழைத்து, "முகாம்ல யாருக்காவது ஏதாவது வந்துதாடா? யாரும் வுட்டுப் போவலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது செல்வி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியோடு எங்களைத் தாண்டிப் போனாள்.

கல்யாணம் முடிந்தது. மறுவீடு வந்தது. மாசியில் குலதெய்வத்துக்குப் பொங்கல். பங்குனி, சித்திரையில் கடலை பிடுங்கினோம். நர்ஸம்மாவின் நம்பர் வந்தால் எடுப்பதை நிறுத்தினேன். காரணம் கல்யாணம் இல்லை என்பது எனக்கே தெரிந்துவிட்டது. எனக்குப் பயம். சொல்லாதவரை அவளுக்கு ஒன்றுமில்லை என்று மனசு நம்பியது. அம்மாவுக்கு அப்பா செய்ததையே நான் செல்விக்குச் செய்துகொண்டிருந்தேன்.

வைகாசியில் அக்கா விடுப்பில் வந்தார். வந்ததும் முகாமில் பார்த்த பெண்களில் மறு பரிசோதனைக்கு வர வேண்டியவர்கள் வந்தார்களா என்று சுகாதார நிலையத்தில் கேட்டிருக்கிறார். எல்லோரும் வந்துவிட்டார்கள், ஒருவர் மட்டும் வரவில்லை என்று பெயரைக் காட்டினார்களாம். அங்கிருந்து பஸ் பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் லாரியில் கட்டை ஏற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. செல்வியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, என் எதிரிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். என்ன மாற்றம், அது என்னவாக இருக்கலாம், என்னவாக இல்லாமலும் இருக்கலாம், நாளைக் காலை எங்கே போக வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார்.

செல்வி அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம் ஒடம்பு சேதி ஒனக்கு எதுக்கு வந்துச்சு?" என்றாள்.

அக்காதான் பதில் சொன்னார்.

"அது என் தப்பு செல்வி. முகாம்ல பேரு பதியற பாரத்த நாந்தான் எழுதிக் குடுத்தேன். குடும்பத் தலைவர் பேரு, அவரு போன் நம்பருன்னு நாந்தான் போட்டேன். அவன் தப்பு பாதி, என் தப்பு பாதி."

பரிசோதனையில் புற்றுநோய் என்றே வந்தது. ஆரம்ப நிலையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நான் தாமதிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வேண்டியிருக்குமா என்று அக்காவிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததத்தான் நீ வச்சிகினு இருக்கணும்" என்றார். அவர் என்னிடம் கடுமையாகப் பேசியது அந்த ஒருமுறைதான். சிகிச்சைக்குப் போய்வந்த நாட்களில் அக்கா தன் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, செல்வியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து செங்கல்பட்டுக்குப் போய் வந்தார்.

அதற்குப் பிறகு அக்கா எந்த நாட்டுக்குப் பரிசோதனைத் திட்டம் எழுதிக் கொடுத்தாலும், பாரத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி இருந்தது: முடிவை யாரிடம் சொல்ல வேண்டும்? அதைப் பரிசோதனைக்கு வந்த பெண்ணிடமே கேட்டு எழுத வேண்டும். எந்த நேரத்தில், எந்த எண்ணில், யார் இல்லாதபோது சொல்ல வேண்டும் என்பதும் அதன் கீழே இருக்கும். ஏன் என்று கூட்டங்களில் கேட்பவர்களுக்கு, "என் தம்பி வீட்டில் நடந்தது" என்று இந்தக் கதையைச் சொல்வாராம். என் மானம் எத்தனை நாட்டுக்குக் கப்பலேறியது என்று எனக்குக் கணக்கில்லை. ஒருமுறை ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து மூன்று பெண் அதிகாரிகள் வந்திருந்தார்கள். அக்கா அவர்களுக்கு மாமல்லபுரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். அவர்களில் மூத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார். "அந்தத் தம்பி நீதானான்னு கேக்கறாங்க" என்றார் அக்கா. ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த அம்மா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அக்கா ஓய்வு பெற்றுப் படூரில் ஒரு சிறிய ஃபிளாட்டில் குடியேறினார். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, உடம்பு இளைக்க ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்த மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் என்னை மட்டும் வெளியே அழைத்தார். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று சொல்லி ஸ்கேன் முடிவை என் கையில் கொடுத்தார். உடன் வந்திருந்த சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுங்கிட்ட சொல்லாதப்பா, மனசு ஒடிஞ்சுடும்" என்றார். ஆயுள் முழுக்க இதே நோயோடு மல்லுக்கட்டியவரிடம் மறைக்கச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வாயால் பேசியது எங்கள் வழக்கம். அதே வழக்கம் எனக்குள்ளும் எழுந்து நின்றது. வராந்தாவில் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய் அதை அக்காவின் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். மடித்துத் தலையணை அடியில் வைத்தார்.

"எத்தினி நேரம் வெளியே நின்ன?"

"பத்து நிமிஷம் இருக்கும்க்கா."

"தேறிட்டடா" என்றார்.

அதன்பின் அக்கா நான்கு மாதங்கள் இருந்தார். பெரிய சிகிச்சை வேண்டாம், வலி தெரியாமல் இருந்தால் போதும் என்று அவரே முடிவெடுத்தார். ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாதது எதுவும் அந்த வீட்டில் இல்லை. அதனால் எல்லாவற்றையும் பேச முடிந்தது. தன் துணிமணி யாருக்கு, புத்தகங்கள் எந்தக் கல்லூரிக்கு என்றெல்லாம் சொல்லி வைத்தார். காரியத்தை நான்தான் செய்ய வேண்டும், கூடவே என் மகளும் நிற்க வேண்டும் என்றார். அப்படியே செய்தோம்.

அக்காவின் இறுதி நாட்களில் வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து கொடுத்த டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரவு பகல் பாராமல் லிஃப்ட்டையும் தண்ணீரையும் கவனித்துக்கொண்ட படூர் குடியிருப்பின் காவலாளிகளுக்கும், பல நாடுகளிலிருந்து போன் செய்து துக்கம் கேட்ட அவருடைய நண்பர்களுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் நன்றி. அன்று எடுக்கப்படாத போனை விடாமல் அழைத்துக்கொண்டே இருந்த நர்ஸம்மாவுக்கு, ஒரு மன்னிப்பும் சேர்த்து நன்றி.

அந்த நான்கு மாதமும் அக்காவைக் குளிப்பாட்டித் தலை வாரி, வாய்க்குப் பிடித்ததைக் கரைத்துக் கொடுத்தவள் செல்வி. அவளுக்கு நான் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் படித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டேன். நேற்று படித்ததில், நான் சேதியை மறைத்தது சில வாரங்கள் என்று எழுதி, கல்யாணத்துக்குப் பிறகும் மறைத்ததையெல்லாம் விட்டிருந்தேன். செல்வி நிறுத்தச் சொன்னாள்.

"அஞ்சு மாசம். அப்படியே போடு."

போட்டுவிட்டேன்.