உடைந்த சங்கு வளையல்

வங்காளத்து டாக்குரியாவில் எங்கள் பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். ஈரக் களிமண் வாடை ஜன்னல் வழியே வந்ததும் அப்பாவின் குழிகள் நினைவுக்கு வந்தன.

அப்பா அகழாய்வுக் குழிகளுக்கு வரைபடம் போடுபவர். எட்டு வயதில் ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். யாரோ எப்போதோ விட்டுப்போன பண்ணைவீடு. கரி படிந்த அடுப்பு, அதன்மேல் விரிசல் விட்ட பானை, வீட்டைச் சுற்றி மண்ணுக்கடியில் அப்படியே இருந்த உழவுச்சால்கள்.

"அடுப்புல பானைய வச்சிட்டு எங்கப்பா போனாங்க?"

"தெரியலம்மா. போனவங்க திரும்பல."

அடுப்போரம் கிடந்த வெள்ளை வளையல் துண்டை ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துவந்தேன். மறுநாள் அதைப் பார்த்த பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், நான் மாஷி என்று கூப்பிடுபவள், தன் மொழியில் அலறினாள்: "ஐயோ, சங்கு வளையல்! புருஷன் செத்தாத்தானே உடைப்போம்? இதையா வீட்டுக்குள்ள வச்சிருக்கே?"

அன்றும் அப்பா குழிக்குத்தான் போயிருந்தார். வெளியே மழை. அம்மாவோ அடுப்பில் சோற்றுப் பானையை ஏற்றிக்கொண்டிருந்தாள். "வைக்காதம்மா!" என்று கத்தினேன். சேறும் சகதியுமாக அப்பா வாசலில் வந்து நின்றபிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது அஸ்திவாரக் குழிக்குள்ளிருந்து ஒரு தொழிலாளி வெள்ளையாக எதையோ தூக்கிக் காட்டி, "அக்கா, இது வேணுமா?" என்கிறான். ஜன்னலைச் சாத்தினேன். சோற்றுப் பானை ஏற்றியிருந்த அடுப்பை அணைத்தேன். அலிப்பூர் கோர்ட்டுக்குப் போயிருக்கும் கணவருக்குப் போன் போட்டேன்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.