அப்பாவின் மூக்கும் மோட்டார் சாவியும்

வசந்தன் பிறந்த பதினாறாம் நாளே அவனுடைய எதிர்காலம் தீர்மானமாகிவிட்டது. தொட்டிலைச் சுற்றி நின்ற ரப்பர் தோட்டத்துப் பெருசுகள் மூக்கைப் பார்த்தார்கள், காதைத் திருப்பிப் பார்த்தார்கள். "அப்பன் சன்னாசிய உரிச்சு வெச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்கள். மேல்முறையீடு கிடையாது. அக்கா பஞ்சாலை ஏற்கனவே அம்மா ஜாடையில் சேர்க்கப்பட்டிருந்தாள்.

ஐம்பது வருஷம் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு, தோட்டத்தில் ஆட்களை மேய்த்த சன்னாசி மண்டோருக்குக் கடைசிக் காலத்தில் அல்சைமர் வந்தது. பல்செட்டை அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டு ஊரையே திருடன் என்றார். மகனைக் கண்டால், "நீ எந்த டிவிஷன்?" என்பார். அவர் போன பிறகு குடும்பம் கூடி முடிவுக்கு வந்தது: மூக்கு யாருக்குப் போச்சோ, நோயும் அவனுக்குத்தான்.

போன மாதம் வசந்தன் மந்தின் பசாருக்கு மோட்டார் சைக்கிளில் போய், மீனோடு பஸ்ஸில் திரும்பினான். மோட்டார் பசாரிலேயே நின்றது.

"ஆரம்பிச்சிருச்சு லா!" என்றாள் பஞ்சாலை. அத்தான் தேவன் போய் மோட்டாரை ஓட்டி வந்ததும், சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பழைய கூட்டாளி பஸ்ல இருந்து கூப்பிட்டான்க்கா. பேசிக்கிட்டே ஏறிட்டேன்."

"அப்பாவும் இப்படித்தாண்டா காரணம் சொன்னாரு."

வசந்தனுக்கு அம்பாங்கானில் இரவுக் காவல் வேலை. தோட்டத்துக்கு ராத்திரியில் பஸ் கிடையாது. சாவி போனால் வேலையும் போகும். இரண்டு ராத்திரி லீவு போட்டான். மூன்றாம் நாள் பகலில் அக்காவையும் இழுத்துக்கொண்டு சிரம்பானில் டாக்டர் மாதவியிடம் போனான்.

கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல அங்கிள்" என்றார் டாக்டர்.

பஞ்சாலை விடவில்லை. "அப்பா மூக்கு அப்படியே இருக்கே டாக்டர்?"

"மூக்கு வர்ற வழி வேற, இது வேற, ஆண்டி. இந்த நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுற மரபணு ஒண்ணு உண்டு. அப்பாகிட்ட அது இருந்திருந்தா உங்க தம்பிக்கும் வந்திருக்கலாம், உங்களுக்கும் வந்திருக்கலாம். அந்த மரபணு வந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல. அது இல்லாதவங்களுக்கும் நோய் வர்றதுண்டு."

"எனக்குமா? நான் அம்மா ஜாடையாச்சே!"

வீட்டுக்கு வந்ததும் சாவியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டாள். சாமி மேடையில் பார்த்தாள், தலையணையைத் தூக்கினாள், மிளகாய்த்தூள் டப்பாவையும் கவிழ்த்தாள். "பத்திரமாத்தாண்டா வெச்சேன்..." குரல் இறங்கிப்போயிற்று.

வசந்தன் நேராக அடுப்படிக்குப் போய், அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டான். சாவி வந்தது.

குடும்பத்தின் தீர்ப்பைத் திருத்த அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவனோ சாவியில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினான்.

"வேலைக்குக் கிளம்புறேன். இன்னிக்கு ராத்திரிச் சந்தை இருக்கே, உன்னைப் பசார் மாலாம்ல இறக்கி விடவாக்கா?"

பஞ்சாலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"மறக்காம அத்தானுக்குப் போன் போட்டு, என்னை அங்க வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுடா. நானும் சொல்லி வெக்கிறேன்."