பதினோரு லோடு என்றது மாடல்

ஒரு கட்டடம் எழும்பும்போது எவ்வளவு கழிவு சேரும் என்பதை முன்கூட்டியே கணிப்பது, நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. கட்டுமான நிறுவனமொன்றில் பிளானிங் இன்ஜினியர் நான். தாம்பரம் அலுவலகத்து அலமாரியில் கிடந்த பழைய சைட்டுகளின் பதிவேடுகளை எடுத்து, தளப் பரப்பு, சுவர் நீளம், பூச்சு வேலை, வெளியே போன கழிவு லோடு என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, கழிவைக் கணித்துச் சொல்லும் ஒரு மாடல் செய்தேன். படித்தது சிவில். டேட்டா விஷயமெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது. அதனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

கோவிலம்பாக்கத்து அடுக்ககத்தில்தான் அதை முதன்முதலாக நம்பி இறங்கினோம். பூச்சு வேலை முடியும்வரை பதினோரு லாரி லோடு கழிவு வரும் என்றது மாடல். குறுகிய தெரு, சின்ன மனை. அதற்கேற்ப டிப்பர் லாரி வரும் நாட்களைக் குறித்து, முன்பக்கம் ஒரு மூலையைக் குவிப்பதற்கு ஒதுக்கினேன்.

பதினோராவது லோடு போன பிறகும் குவியல் அப்படியே இருந்தது. பதினான்கு போயிற்று. அப்போதும் மிச்சம். கல்லும் மண்ணும் தெருவுக்கு வழிந்து, ஸ்கூல் வேன் திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே வெளியேறியது. தெருக்காரர்கள் புகார் எழுதிக் கையெழுத்திட்டு எங்கள் மேனேஜரிடம் கொடுத்தார்கள். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"படப்பை சைட்டுக்கும் இதை வச்சுத்தானே பிளான் போட்டிருக்கோம்? திங்கட்கிழமைக்குள்ள என்னன்னு பாத்துடுங்க," என்று மெதுவாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை, எல்லாக் கணிப்பையும் ஒன்றரையால் பெருக்கிவிடலாம் என்று ஒரு மெயில் தட்டி வைத்தேன். ஏன் ஒன்றரை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அனுப்பக் கை வரவில்லை.

சனிக்கிழமை காலை அளக்கிற டேப்புடன் சைட்டுக்குப் போனேன். மாடி மாடியாகக் கூட்டி, கழிவைக் கீழே இறக்குகிற சித்தாள் அக்கா அங்கே இருந்தார். சிமென்ட் பிளாக் அதிகம் உடைகிறதா, சாந்து வீணாகிறதா என்று விசாரித்தேன். அப்படியொன்றும் இல்லை என்றவர், மண்வெட்டியால் குவியலின் ஓரத்தைக் கிளறி ஒரு துண்டை எடுத்து நீட்டினார். நீலப் பூப் போட்ட பாத்ரூம் டைல்ஸ்.

"இது நம்மளுது இல்ல மேடம். நாம இன்னும் டைல்ஸ் வேலையே ஆரம்பிக்கல. காலைல வந்து பாத்தா குவியல் பெருசா கீது. என்னை யாரு கேட்டா, சொல்றதுக்கு?"

உண்மைதான். நான் எல்லாப் பதிவேடுகளையும் பார்த்தேனே தவிர, அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருவருமாகக் கிளறினோம். உடைந்த வாஷ்பேசின் வந்தது. சுண்ணாம்பு அடித்த பழைய செங்கற்கள் வந்தன. எங்கள் கட்டடத்தில் செங்கல்லே கிடையாது, எல்லாம் சிமென்ட் பிளாக். அப்படியானால் என் கணக்கு அவ்வளவு தப்பில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் பாத்ரூமையும் பழைய பின்கட்டையும் இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர், புகாரில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அழைத்ததும் வந்து, டைல்ஸைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வெளிய அனுப்பிட்டேன்னு மேஸ்திரி சொன்னாரும்மா. உங்க இடத்துல கொட்டியிருப்பார்னு எனக்குத் தெரியாது," என்றார். முகம் சிறுத்துவிட்டது. என்னால் கோபப்பட முடியவில்லை. அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லலாம் போலிருந்தது.

அன்று முழுவதும் குவியலைப் பிரித்தோம். ஏற்கெனவே போன லோடுகளில் எவ்வளவு அந்நியக் கல் இருந்தது என்று டிப்பர் டிரைவரையும் கேட்டு, ஓரளவுக்குக் கணக்கிட்டேன். எங்களுடையது ஏறக்குறைய பன்னிரண்டு லோடு. பூச்சில் சிந்துகிற சாந்தை மாடல் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை அதையும் மறைக்காமல் சொன்னேன். டைல்ஸைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் சொன்னேன்.

"ஒரு லோடு தானே, சரி பண்ணிக்கலாம்," என்றார் மேனேஜர். குவியலைச் சுற்றித் தகரம் அடைக்கச் சொன்னார். படப்பை பிளானில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. ஒன்றரை மெயிலை அழித்தேன்.

அன்று மாலை சைட்டில் தகரம் அடித்து முடித்தபின் பஸ் ஏறினேன். மேடவாக்கம் தாண்டியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் இறங்க வேண்டிய கேம்ப் ரோடு எப்போது போனது என்றே தெரியவில்லை. தாம்பரத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.