உப்புப் போட்ட பூச்சாடி

எங்கள் அப்பாவுக்குக் கடலைப் பற்றித் தெரியாத விஷயம் இல்லை. மண்ணைப் பற்றித் தெரிந்த விஷயமும் இல்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் தன் பூச்சாடிகளை ஒப்படைத்துவிட்டுத்தான் அம்மா யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றில் கட்டி, வெட்டி எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். எனக்கு மட்டும் "அம்மா மருந்தெடுக்கப் போறா" என்றார்கள். ஏழு வயதில் அது போதுமானதாக இருந்தது.

பள்ளிமுனையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் படகுகள் கரைக்கு வருவது தெரியும். அவ்வளவு கிட்டவாகக் கடல் இருந்ததால் நிலத்தில் எதை நட்டாலும் உப்புக் காற்று பாதியைக் கருக்கிவிடும். தப்பிய பாதியைத் தெருவில் திரியும் கழுதைகள் பார்த்துக்கொள்ளும். அதனால் அம்மா பூச்சாடிகளிலும் பழைய பால்மாத் தகரப் பேணிகளிலும்தான் செடி வளர்த்தார். அதற்கு வேண்டிய மண் கூடக் கட்டுக்கரைக் குளத்துப் பக்கமிருந்து சாக்கில் வரும். அம்மா வெள்ளாங்குளத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். கலியாணம் முடித்து வந்தபோது கொண்டுவந்த தடியிலிருந்து வளர்ந்த வெள்ளை ரோசா ஒன்று அவரிடம் இருந்தது. அதன் முதல் பூ எப்போதும் எங்கள் வீட்டு மாதா சுரூபத்துக்குத்தான்.

பஸ்ஸில் ஏறும்போது அம்மா அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நான் வருமட்டும் ரோசாவைச் சாக விட்டிடாதேங்கோ."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று தொடங்கிய கவனிப்பு இருக்கிறதே, அதை எந்தச் செடியும் தாங்காது. காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், போகும்போதும் வரும்போதும் ஒரு செம்பு. சமைத்துத் தர வந்திருந்த மாமி, அப்பாவின் தங்கை, மீன் கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றப் போனால் அப்பா ஓடிவந்து வாங்குவார். மீன் தண்ணீர் செடிக்கு நல்லது என்று எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். முற்றத்து முருங்கை அதில்தானே வளர்ந்தது.

கொஞ்ச நாளில் சாடியைத் தொட்டாலே மண்ணிலிருந்து நுளம்பை விடச் சின்னக் கறுப்பு ஈக்கள், எங்கள் பேச்சில் இலையான்கள், கிளம்பின. தேத்தண்ணிக்குள் விழுந்தன, செபம் சொல்லும்போது மாமியின் வாய்க்குள் போயின. ரோசாவின் இலைகள் மஞ்சளாகின.

அப்பா யோசித்தார். கருவாட்டில் இலையான் மொய்த்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? உப்பைக் கூடப் போடுவார்கள். அப்பா ஒரு கனகாம்பரச் சாடியில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டார்.

"என்ன அண்ணை, செடியைக் கருவாடு போடப் போறியளோ?" என்று மாமி கேட்டார்.

இலையான் குறைந்தது உண்மை. கனகாம்பரமும் செத்துப்போனது. ரோசாவில் அந்த வைத்தியத்தைத் தொடங்காமல் விட்டது மாதாவின் கிருபை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். அம்மா கட்டிலில் மெலிந்து படுத்திருந்தார். அடுத்த கிழமைதான் சத்திரசிகிச்சை. அப்பா வெகுநேரம் தொண்டையைக் கனைத்துவிட்டு, "பக்கத்து வீட்டில பூச்சாடிக்குள்ள ஒரு இலையானாம்…" என்று தொடங்கினார்.

"பக்கத்து வீட்டில எப்ப பூச்சாடி வாங்கினவை?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். நான் காலைப் பார்த்தேன்.

"மீன் தண்ணி ஊத்தினீங்களோ?"

"நல்லதெண்டுதானே எல்லாரும் சொல்லினம்."

"முருங்கைக்கு நல்லது. சாடிக்குள்ள கிடந்து நாறினா? எந்த நேரமும் மண் ஈரமாக் கிடந்தா இலையான் அதுக்குள்ள முட்டை போடும். காய விடுங்கோ. விரலை விட்டுப் பாத்து, மண் ஒட்டாட்டித்தான் தண்ணி." பிறகு, "சாடியில எறும்பு ஏறுதோ?" என்று கேட்டார்.

"ஏறுது."

"அப்ப வேரில பேனும் இருக்கும். ரோசாவைக் கழட்டி வேரைச் சவுக்காரத் தண்ணியில கழுவுங்கோ. புது மண்ணில வேப்பங்கொட்டை இடிச்சுப் போட்டு வையுங்கோ. மேல நல்ல தண்ணியில அலசின குறுமணல். கடல் தண்ணியில அலசிப் போடாதேங்கோ."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அம்மா சிரித்தார். அப்பாவைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பழைய வலை ஒன்றை முற்றத்தில் விரித்து ரோசாவைக் கவிழ்த்து எடுத்தார். வேர்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் பேன்கள். சிக்கிய மீனை வலையின் ஒரு கண்ணும் அறாமல் எடுக்கும் அதே விரல்களால், ஒரு வேரும் அறாமல் மண்ணை உதிர்த்துக் கழுவினார். அந்தப் பெரிய கைகள் அவ்வளவு மெதுவாக வேலை செய்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கியது.

ஆனால் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் அவரால் முடியவில்லை. செம்போடு வருவார், விரலை விட்டுப் பார்ப்பார், திரும்பிப் போவார், மறுபடி வருவார். மாமி செம்பை ஒளித்து வைத்தார். சத்திரசிகிச்சை முடிந்து, அம்மாவுக்குக் காய்ச்சல் குறையவில்லை என்று செய்தி வந்த நாட்களில் அவர் சாடிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

கடலுக்குப் போகும் நாட்களில் அந்த வேலையை என்னிடம் தந்தார்.

"பிள்ளை, நான் வரேக்க கரையில நில். நான் கை தூக்குவன். ரோசா நல்லா இருந்தா நீயும் தூக்கு."

காலையில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கரைக்கு ஓடுவேன். படகின் முன்நுனியில், அணியத்தில் நின்று அப்பா கை தூக்குவார். நான் தூக்கினதும் அவர் கை இறங்கும். வீட்டில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் அது. நான் அதைப் பெருமையாகச் செய்தேன்.

ரோசா பிழைத்தது. சிவந்த தளிர்கள் விட்டன. காய்ச்சல் விட்டு அம்மாவும் வீடு வந்து சேர்ந்தார். ரோசாவைத் தடவிப் பார்த்தார். கனகாம்பரம் செத்த வெறும் சாடியில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்பா படகைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவிவிட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல் நான் கரையில் நின்றேன். அப்பா அணியத்தில் நின்று கை தூக்கினார். ரோசாவில் மொட்டே வந்திருந்ததால் நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். அவர் கை இறங்கவில்லை. துள்ளித் துள்ளிக் காட்டினேன். அப்போதும் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால், எங்கள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றார். மெதுவாக ஒரு கையைத் தூக்கினார்.

அப்பாவின் கை இறங்கியது. அவர் அணியத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்குச் சரியான கோபம் வந்தது. இத்தனை நாளும் என் பேச்சை நம்பியவர், அம்மா வந்ததும் ரோசாவைப் பற்றி அம்மா சொன்னால்தான் நம்புகிறார். அன்று முழுவதும் நான் அப்பாவோடு கதைக்கவில்லை.